கல்லின் பெயர் சொல்லும் கைபேசிச் செயலி: ஓராண்டு பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

கைபேசியில் ஒரு கல்லைப் படம் பிடித்துக் காட்டினால் அது இன்ன கனிமம், இன்ன பாறை, இன்ன புதைபடிவம் என்று நொடியில் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது பல கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு 1,499 ரூபாய் ஆண்டுக் கட்டணம் செலுத்தி, சென்ற மாசி தொடங்கி இந்த மாசி வரை பயன்படுத்தினேன். செயலியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நண்பர்களின் கைபேசிகளில் நான் பார்த்த வேறு இரண்டு செயலிகளும் ஏறத்தாழ இதே குணத்தோடுதான் இருந்தன. ஆகவே ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகத் தோன்றவில்லை. பணம் கட்டலாமா என்று யோசிப்பவர்கள் இந்த வகைச் செயலியிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் பெரம்பலூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நிலவியலை முறையாகப் படித்தவன் அல்லன். ஆயினும் இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்குக் கல்லைக் கவனிக்காமல் காலம் தள்ள முடியாது. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறி வந்து நின்ற நிலம் இது. ஆங்கிலேய நிலவியலாளர் எச். எஃப். பிளான்ஃபோர்டு 1860களின் தொடக்கத்தில் இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதிவைத்த அடிப்படைதான் இன்றும் பாடத்தில் இருக்கிறது. காரை கிராமத்துக்கு அருகே மழைநீர் கீறிக் கீறி நூற்றுக்கணக்கான வாய்க்கால்களாக ஆக்கிவிட்ட களிமண் மேடுகளில் ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்னும். காலடியில் தோட்டாவைப் போல பெலெம்னைட் (கணவாயை ஒத்த, அழிந்துபோன கடலுயிரின் படிவம்) துண்டுகள் கிடக்கும். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுரங்கங்களில் சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாகவே இறுகியிருக்கும். சிமெண்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லோடு அவையும் அரைபடுகின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக்கிடக்கும் கல்மரத்தை 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்கு எடுத்துச் சொன்னார். இவ்வளவும் ஒரு நாளைக்குள் இரு சக்கர வாகனத்தில் சுற்றி வரக்கூடிய தூரத்தில் இருப்பதால், புதிதாக ஒரு செயலி வந்தால் அதைச் சோதித்துப் பார்க்க எங்களைவிடத் தகுந்த இடத்துக்காரர்கள் குறைவு.

செயலியை வாங்கியதற்கு உடனடிக் காரணம் என் பழைய மாணவன் ஒருவன். 2020 அக்டோபரில் குன்னம் அருகே உருண்டையான கற்கள் கிடைத்தபோது, அவை டைனோசர் முட்டைகள் என்று சமூக ஊடகங்களில் செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. நிலவியலாளர்கள் வந்து பார்த்து, அம்மோனைட் என்னும், சுருள் ஓடுடைய அழிந்துபோன கடலுயிரைச் சுற்றிப் படிவு திரண்டு உருவான உருண்டைகள் என்று விளக்கினார்கள். செய்தி ஓய்ந்தாலும் ஆசை ஓயவில்லை. இன்றைக்கும் ஓடையில் உருண்டையாக எது கிடைத்தாலும் எங்கள் பக்கத்தில் அது முதலில் முட்டைதான். அந்த மாணவன் ஒரு மாலை நேரத்தில், துண்டில் சுற்றிய ஒரு கல்லைத் திண்ணையில் இறக்கிவைத்துவிட்டு, “சார், நான் சொல்லல, செல்லே சொல்லுது, 94 சதவீதம் முட்டைன்னு” என்று திரையைக் காட்டினான். அவனோடு வாதாடுவதைவிடச் செயலியோடு வாதாடுவது மேல் என்று நினைத்து, மூன்று நாள் இலவசத் தவணையில் இறக்கிக்கொண்டேன். நான்காம் நாள் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக் கட்டணம் தானாகவே போய்விட்டது. இலவச நாள்கள் முடிவதற்கு முன்பே ரத்து செய்ய வேண்டும் என்ற விவரம் சிறிய எழுத்தில் இருந்தது; படிக்காமல் விட்டது என் பிழை. பணம் போனது போகட்டும், ஒழுங்காகச் சோதித்தாவது பார்ப்போம் என்று அப்போது முடிவு செய்தேன்.

முதலில் அந்தக் கல்லின் கதையை முடித்துவிடுகிறேன். ஏழு சென்டிமீட்டர் குறுக்களவு, வெளிர் பழுப்பு நிறம், மேற்பரப்பில் ஆமை ஓட்டைப் போலக் கட்டம் கட்டமாக வெடிப்புக் கோடுகள். ஒரு பக்கம் முன்பே உடைந்திருந்தது எங்கள் நல்வாய்ப்பு. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சை வைத்துப் பார்த்தபோது மேல்தோலுக்கும் உட்பகுதிக்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை; ஒரே மாதிரியான நுண்மணல் துகள்கள் விளிம்பு முதல் நடு வரை ஓடின. முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும். டைனோசர் முட்டையின் ஓடு பொதுவாக ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் தனி அடுக்காகத் தெரியும். அதில் மூச்சுக்கான நுண்துளைகளும் பெரும்பாலும் மேலே சிறு கொப்புளங்களும் இருக்கும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. வெடிப்புக் கோடுகளை நிரப்பியிருந்த வெள்ளைப் பொருளின் மீது, பள்ளி ஆய்வகத்தில் பழகிய கையால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன். சுறுசுறுவென்று நுரைத்தது, கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம். உடைந்த பக்கத்தை நனைத்துச் சாய்வெளிச்சத்தில் திருப்பியபோது, விலா விலாவாக வரியோடிய ஒரு சுருளின் கால்வட்டம் மேலே வந்தது. கடலடிச் சேற்றில் புதைந்த அம்மோனைட் ஓட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு திரண்டு இறுகி, பிறகு சுருங்கி வெடித்து, வெடிப்பில் கால்சைட் ஊறி நிரம்பிய உருண்டை அது. மாணவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ இதுவும் பழசுதானே சார்” என்றான். பழசுதான், அது முட்டையாக இருந்திருந்தால்கூட இதைவிட மிகுந்த பழமை வந்திருக்காது.

செயலி இங்கே ஏன் தவறியது என்று யோசித்தால் அதன் அமைப்பே விளங்கிவிடும். அது பார்த்தது ஒரு சதுரப் படத்தை மட்டும். கல் ஏழு சென்டிமீட்டரா எழுபது சென்டிமீட்டரா என்று அது கேட்கவில்லை. படத்தில் அளவுக்கு ஒரு நாணயத்தை வைத்தால்கூட அந்த நாணயத்தை வெட்டிவிட்டுக் கல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளில் டைட்டனோசர் என்னும் நெடுங்கழுத்து டைனோசர்களின் 256 முட்டைகள் இருப்பதாக 2023இல் வெளிவந்த ஆய்வில், முட்டைகளின் குறுக்களவு ஏறத்தாழ 15 முதல் 17 சென்டிமீட்டர். எங்கள் ஏழு சென்டிமீட்டர் உருண்டையைத் தள்ளுபடி செய்ய அந்த ஓர் அளவே போதிய தொடக்கமாக இருந்திருக்கும். அதே தார் மாவட்டத்தில்தான் ஒரு சிற்றூரார் உருண்டைக் கற்களைக் காக்கர் பைரவர் என்று தலைமுறை தலைமுறையாக வழிபட்டு வந்ததும், அவை டைட்டனோசர் முட்டைகள் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டதும் நடந்தது. அங்கே முட்டை தெய்வமாக இருந்தது. இங்கே கல் முட்டையாகிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியவர் அந்த மண்ணின் அடுக்கு எது, அது கடலடியில் படிந்ததா கரையில் படிந்ததா என்று கேட்டே தீர வேண்டும். செயலி என் இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்டது, நானும் கொடுத்தேன். ஆனால் அதை வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க மட்டுமே பயன்படுத்துகிறது. பெயர் சொல்லும்போது அந்தப் புள்ளியை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தச் செயலியின் மீது எனக்குள்ள முதன்மையான குறை இதுதான்.

இனி ஒழுங்காகச் செய்த சோதனை. எனக்கு உறுதியாக அடையாளம் தெரிந்த இருபது மாதிரிகளை எடுத்துக்கொண்டேன். சில என்னிடம் முப்பது ஆண்டுகளாக இருப்பவை; சில, நிலவியல் துறை உள்ள கல்லூரியில் பேராசிரியராக இருந்த நண்பர் பெயர் எழுதிச் சீட்டு ஒட்டித் தந்தவை. ஒவ்வொன்றையும் காலை வெயிலில், ஒரே சாம்பல் நிற அட்டையின் மீது வைத்து, மூன்று கோணங்களில் படம் எடுத்தேன். மூன்று படங்களுக்கும் ஒரே பெயர் சொன்னவை எட்டு. அந்த எட்டில் ஏழு சரி. மற்ற பன்னிரண்டில் கல்லைத் திருப்பி வைத்தால் பெயரும் திரும்பியது. அவற்றுள் ஐந்துக்கு மூன்றில் ஒரு பெயராவது பொருந்தியது, ஏழுக்கு ஒன்றும் பொருந்தவில்லை.

சரியாகச் சொன்னவற்றை முதலில் சொல்லிவிடுவது முறை. கல்லங்குறிச்சிச் சிப்பியைச் சிப்பி என்றே சொன்னது. கல்மரத் துண்டை, வளைய வரிகள் தெரியும் வெட்டுமுகத்தைக் காட்டியபோது தயங்காமல் கல்மரம் என்றது. வெங்கச்சங்கல், செம்பாறாங்கல், காக்காய்ப்பொன் ஆகிய மூன்றிலும் பிழையில்லை. அதாவது, முகத்திலேயே அடையாளம் எழுதி ஒட்டியிருக்கும் கற்களில் செயலி நன்றாகவே தேறுகிறது. அந்தப் பெயரைத் தொட்டால் வரும் படத்தொகுப்பும் தரமானது. ஒரே கனிமத்தின் நாற்பது ஐம்பது தோற்றங்களை அடுத்தடுத்துப் பார்க்க முடிகிறது. பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் பன்னிரண்டு மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளிய எனக்கு அது உண்மையிலேயே விருந்து. கட்டணத்தில் ஒரு பாதி அதற்கே தகும்.

காரையில் பொறுக்கிய அம்மோனைட்டுக்கு அது சொன்ன விடை பாதி சரி, பாதி வேடிக்கை. அம்மோனைட் என்றது, அத்தோடு நின்றிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். அதற்கு மேலும் போய் டாக்டிலியோசெராஸ் என்று இனப்பெயர் சொன்னது. இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் கிடைப்பதால் புகழ்பெற்ற அந்த இனம் ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில் வாழ்ந்து மறைந்தது. காரைக் களிமண்ணோ அதற்கு ஏழெட்டுக் கோடி ஆண்டுகள் பின்னால் வந்த கிரெட்டேசியக் காலத்துப் படிவு. செயலிக்கு ஊட்டிய படங்களில் பெரும்பங்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்தவையாக இருக்கும் என்பது என் ஊகம். நம் ஊர்க் கல்லைக் காட்டினாலும் அது அவ்வூர் உறவினர் பெயரையே சொல்கிறது. பெலெம்னைட் துண்டுக்கு மூன்று கோணத்திலும் மூன்று பெயர். படுக்கவைத்தால் பெலெம்னைட், நிறுத்திவைத்தால் சுண்ணாம்புக் குகையில் தொங்கும் கல், வெட்டுமுகத்தைக் காட்டினால் மரம்.

என் மாமியார் வீட்டுப் பூசையிலிருக்கும் சாளக்கிராமத்தைப் படம் பிடிக்க அனுமதி வாங்குவதே பெரும்பாடாக இருந்தது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் உருண்டு வரும் அந்தக் கரிய கற்கள் ஜுராசிக் காலக் கடலின் அம்மோனைட்டுகள் என்பதும், துளைக்குள் தெரியும் சக்கரம் அந்த ஓட்டின் சுருள் என்பதும் பலருக்கும் தெரிந்ததே. செயலி அதை “பசால்ட் கூழாங்கல்”, அதாவது எரிமலைப் பாறை, என்றது. துளையின் வாயைக் குறிவைத்து வெளிச்சம் பாய்ச்சி மீண்டும் எடுத்தேன், மீண்டும் பசால்ட். மாமியாரிடம் விடையைச் சொல்லவில்லை.

காரையின் ஜிப்சம் நரம்பில் நடந்தது இன்னும் எளிய பிழை. நார் நாராகப் பட்டுப்போல் மின்னும் வெள்ளைத் துண்டு அது. ஒரு முறை கால்சைட், ஒரு முறை படிகக்கல் (குவார்ட்ஸ்), ஒரு முறை மட்டும் ஜிப்சம். வெள்ளையாகவும் பளபளப்பாகவும் இருக்கும் கனிமங்களைக் கண்ணால் மட்டும் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கும் கடினம் என்பது உண்மைதான். ஆனால் கையில் எடுத்தால் அந்தக் கடினம் ஒரு நொடிக்கு மேல் நிற்காது: விரல் நகத்தால் கீறினால் ஜிப்சத்தில் கோடு விழும், கால்சைட்டில் விழாது, கால்சைட்டை ஆணியால் கீறலாம், படிகக்கல்லோ ஆணியைத்தான் தேய்க்கும். கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் ஜிப்சம் 2, கால்சைட் 3, படிகக்கல் 7, நகம் இரண்டரை என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். நகத்தால் கீறிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரே ஒரு கேள்வியைத் திரையில் காட்டியிருந்தால் செயலியின் விடை மூன்று முறையும் சரியாகியிருக்கும். அது கேள்வியே கேட்பதில்லை. விடை மட்டுமே சொல்கிறது.

“தெரியவில்லை” என்று அது எப்போதாவது சொல்லுமா என்பதைப் பார்க்க ஒரு சிறு குறும்பும் செய்தேன். சமையலறையிலிருந்து ஒரு மண்டை வெல்லத்தை எடுத்து, அதே சாம்பல் அட்டையில் வைத்துப் படம் பிடித்தேன். லிமோனைட் என்னும் இரும்புத்தாது உருண்டை என்றது. 81 விழுக்காடு உறுதி என்றது. மதிப்பு 18 டாலர் என்றும் போட்டது. வெல்லத்தின் மேல் ஓர் எறும்பு தெளிவாகத் தெரிந்தது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

வெல்லத்தில் சிரித்துவிட்டு நகரலாம். அந்த டாலர் கணக்கு சிரிக்கத் தக்கதன்று. மூன்று கோணத்திலும் ஒரே பெயரைச் சொல்லி, மூன்று முறையும் தவறிய அந்த எட்டாவது மாதிரி, பழைய இரும்பு உருக்கிய இடமொன்றில் கிடைத்த இரும்புக் கசடு. செயலி அதை விண்கல் என்றது. ஒரு பெருந்தொகையை மதிப்பாகக் காட்டியது. கசடும் கருப்பாக, கனமாக, உருகி வழிந்த தோற்றத்தோடு இருக்கும். பல நேரம் காந்தமும் ஒட்டும். ஆனால் உடைத்த முகத்தில் குமிழ்க் குமிழாகக் காற்றுத் துளைகள் தெரியும். விண்கற்களில் அத்தகைய துளைகளைக் காண்பது மிக அரிது. விண்கல்லின் மேற்பரப்பில் காற்று மண்டலத்தில் எரிந்த மெல்லிய கருந்தோல் இருக்கும். இந்தக் கசட்டின் பளபளப்போ கண்ணாடியின் பளபளப்பு. எங்கள் ஊரில் ஒருவர் இப்படி ஒரு கல்லை இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்து, வாங்க ஆள் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்ததை நான் அறிவேன். தரகர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் “சோதனைச் செலவு” என்று முன்பணம் வாங்கிக்கொண்டு போனதோடு கதை முடிந்தது. செயலிக்கும் அந்தத் தரகருக்கும் தொடர்பில்லை. ஆயினும், பெயரே உறுதியில்லாத ஒரு கல்லுக்கு விலை எழுதிக் காட்டுவது பொறுப்பில்லாத செயல். இந்த ஓர் அம்சத்துக்காகவே மதிப்பெண்ணில் ஒன்றைக் குறைக்கிறேன்.

பெயர்ச்சீட்டு தவறுவது செயலிக்கு மட்டும் உரிய குற்றமன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அரியலூர் மாவட்டத்தின் கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளுக்கு 1980களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு நிலவியலாளர்கள் புருஹத்காயோசாரஸ் மாட்லேயி என்று பெயரிட்டார்கள். இரண்டு மீட்டர் நீளமுள்ள கீழ்க்கால் எலும்பும் அவற்றுள் ஒன்று. முதலில் அதை ஊனுண்ணி டைனோசர் வகையில் வைத்தார்கள். பின்னர் தாவரம் தின்னும் நெடுங்கழுத்துப் பெருவிலங்குகளின் கூட்டத்தில் சேர்த்தார்கள். எலும்பே அன்று, கல்மரமாக இருக்கலாம் என்று ஐயுற்றவர்களும் உண்டு. தீர்த்துக்கொள்ள எலும்பைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்றால், அது பொடிப்பொடியாக உதிர்ந்து போயிருந்தது. எஞ்சியவை கோட்டுப் படங்களும் பழைய ஒளிப்படங்களும்தான். அந்த ஒளிப்படங்கள் 2022இல் வெளியான பின்னரே அவை எலும்புதான் என்ற பக்கம் வலுப்பெற்றது. கையில் பொருள் இல்லாமல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் சொல்வது எவ்வளவு சிக்கலானது என்பதற்கு எங்கள் மண்ணிலேயே இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. மரத்தையும் எலும்பையும் பிரிக்க லென்சுக்குக் கீழே பார்க்க வேண்டியது உள்ளமைப்பை: மரத்தில் நார்கள் நீளவாக்கில் ஓடும், குறுக்கே வெட்டினால் வளையங்கள் தெரியக்கூடும், எலும்பின் உட்புறம் பஞ்சைப் போலக் கண்ணறைகள் நிறைந்திருக்கும். களப்பணிக்குப் போகிறவர்கள் நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. நுண்துளைகள் நிறைந்த எலும்புப் படிவம் நாக்கில் ஒட்டும். ஆடு மேய்கிற மேட்டில் பொறுக்கிய கல்லில் அந்தச் சோதனையைச் செய்ய எனக்கு மனம் துணிவதில்லை.

தமிழ்ப் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயலியில் தமிழைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்தத் தமிழை ஓர் ஆள் படித்துப் பார்த்துத் திருத்தியதாகத் தெரியவில்லை. கனிமத்தைச் சொரசொரப்பான பீங்கானில் உரசினால் விழும் பொடியின் நிறத்தை நாம் கீற்று நிறம் என்போம், ஆங்கிலத்தில் ஸ்ட்ரீக். செயலியில் அந்த இடத்தில் “தொடர் வெற்றி: வெள்ளை” என்று இருக்கிறது. கிரிக்கெட்டில் தொடர் வெற்றிக்கும் ஸ்ட்ரீக் என்றே பெயர்; அந்தப் பொருளை எடுத்துக் கல்லுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹேமடைட்டுக்குத் தொடர் வெற்றி செம்பழுப்பு, மேக்னடைட்டுக்குத் தொடர் வெற்றி கருப்பு என்று படித்துப் படித்து இப்போது எனக்கே அது பழகிவிட்டது. இணையம் இல்லாத இடத்தில் செயலி இயங்காது என்பது இன்னொரு குறை. காரை மேடுகளின் பள்ளத்தில் இறங்கினால் கைபேசியில் கோடு ஒன்றுகூட இருப்பதில்லை, தேவைப்படும் இடமோ அதுதான்.

செயலிக்குச் செலவழித்த பணத்தில் வாங்கக்கூடிய வேறு பொருள்களோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரை நிறைவு பெறாது. என் பையில் இப்போது இருப்பவை பத்து மடங்கு கைலென்சு ஒன்று, பெரிய இரும்பு ஆணி, ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம், வழவழப்பு பூசாத பின்புறமுள்ள ஓட்டுச் சில்லு, ஒரு சிறு புட்டி வினிகர். எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய்க்குள் அடங்கியது. அதில் பெரும்பகுதி லென்சுக்கே. முப்பது மடங்கு, நாற்பது மடங்கு என்று விளம்பரம் செய்யும் மலிவான லென்சுகளைத் தவிர்ப்பது நல்லது. பெருக்கம் கூடக் கூடப் பார்வைப் பரப்பு சுருங்கி, கல்லின் ஒரு துகளுக்கு மேல் எதுவும் தெரியாது. லென்சைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு கல்லைத்தான் அருகே கொண்டுவர வேண்டும். பலர் லென்சைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று கீழே வைத்துவிடுகிறார்கள். வினிகரில் அமிலம் மெலிது என்பதால் நுரை மெதுவாகத்தான் வரும். ஆணியால் சிறிது சுரண்டிப் பொடியாக்கிய இடத்தில் விட்டால் லென்சில் குமிழ்கள் தெளிவாகத் தெரியும்.

சமையலறை எடைக்கருவி இருந்தால் அடர்த்தியையும் கண்டுவிடலாம். கல்லை நிறுத்துக் குறித்துக்கொண்டு, பிறகு கருவியின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து அளவைச் சுழியாக்கி, நூலில் கட்டிய கல்லைத் தண்ணீரில் முழுதும் மூழ்கும்படி, ஆனால் அடியைத் தொடாதபடி தொங்கவிட வேண்டும். அப்போது காட்டும் கிராம் எண்ணே கல்லின் கன அளவு, மில்லிலிட்டரில். என் வெள்ளைக் கல் ஒன்று 212 கிராம் இருந்தது, தொங்கவிட்டபோது கருவி 80 காட்டியது, வகுத்தால் 2.65. படிகக்கல்லின் அடர்த்தி அதுவே. சுண்ணாம்புக்கல்லின் அடர்த்தியும் அதற்கு அருகில் வரும் என்பதால் வினிகரும் ஒரு சொட்டு விட்டேன், நுரைக்கவில்லை. ஆணியால் கீறினேன், கீறல் விழவில்லை. மூன்று சான்றும் ஒரே பக்கம் நின்ற பிறகு எனக்கு விழுக்காட்டுக் கணக்கு தேவைப்படவில்லை. செயலி அதைச் சலவைக்கல் (மார்பிள்) என்றிருந்தது.

இந்தக் கருவிகளுக்கும் எல்லை உண்டு. கனிமத்தை ஓரளவு பிரிக்கலாம். புதைபடிவத்தின் இனத்தை இவற்றால் சொல்ல முடியாது. மணற்கல் பலகையில் பெரணி இலை போலப் படர்ந்த கருங்கோலம் உண்மையில் தாவரமே அன்று, விரிசலில் ஊறிய மாங்கனீசு ஆக்சைடு வரைந்த கோலம் என்பதை லென்சு காட்டிக்கொடுக்கும், இலைநரம்பு இல்லாமையால். செயலி அதைப் பெரணிப் படிவம் என்றே சாதித்தது. ஆனால் உண்மையான படிவம் ஒன்று கிடைத்து, அது வழக்கமாகக் காண்பதுபோல் இல்லை என்றால், வாரணவாசியிலுள்ள அரியலூர் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பெயர் எழுதிய மாதிரிகளோடு ஒப்பிடுவதும், நிலவியல் துறை உள்ள கல்லூரியிலோ சென்னை கிண்டியிலுள்ள இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அலுவலகத்திலோ கேட்பதும்தான் வழி. கேட்கப் போகும்போது கல்லைவிட முதன்மையானது கல் கிடந்த இடம். எந்த ஓடை, எந்தப் பக்கத்துக் கரை, மேல் அடுக்கிலா கீழ் அடுக்கிலா, தனியாகக் கிடந்ததா பாறையில் பதிந்திருந்ததா என்பவற்றை அங்கேயே குறித்துக்கொண்டு, எடுக்கும் முன் நாணயம் வைத்துப் படமும் எடுத்திருந்தால் அவர்கள் பாதி வேலையை நாமே முடித்துவிடுகிறோம். பெரிதாகவோ எலும்பு போலவோ இருந்தால் தோண்டாமல் விட்டுவிட்டுச் சொல்லி அனுப்புவது மேல். கல்லமேட்டு எலும்பு உதிர்ந்ததை நினைத்துக்கொண்டால் கை தானாகவே பின்வாங்கும். சாத்தனூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.

ஐந்துக்கு இரண்டு தருகிறேன்: ஒன்று படத்தொகுப்புக்கு, ஒன்று சிப்பியையும் கல்மரத்தையும் தயங்காமல் சொன்னதற்கு. கற்களின் மீது புதிதாக ஆர்வம் பிறந்த பிள்ளைகள் இலவச நாள்களில் பயன்படுத்திப் பார்க்கலாம், மூன்றாம் நாள் மாலைக்குள் ரத்து செய்வதை மறக்காமல். விலை கேட்பதற்காக வாங்குகிறவர்கள் அருள்கூர்ந்து வேண்டாம்.

அடுத்த ஆண்டுக்கான கட்டணம் போவதற்கு முன்பாகவே இந்த முறை ரத்து செய்துவிட்டேன். கணக்கை மூடினாலும் “என் சேகரிப்பு” என்னும் பட்டியல் அழியவில்லை. அதில் இருபது கற்களோடு அந்த மண்டை வெல்லமும், 81 விழுக்காடு லிமோனைட்டாக, 18 டாலர் மதிப்போடு இன்னும் இருக்கிறது. வெல்லத்தைத் தைப்பொங்கலன்றே பானையில் போட்டாகிவிட்டது.